ஒரே ஒரு பந்து, 137 விக்கெட்: கூக்ளியைக் கப்பலேற்றிய ரெஜி ஷ்வார்ஸின் கதை

சுழற்பந்து வீச்சாளர் ஓடி வரும்போது பேட்ஸ்மேன் மனதில் ஒரே கேள்விதான் இருக்கும். பந்து உள்ளே வருமா, வெளியே போகுமா? அந்தச் சந்தேகம்தான் சுழற்பந்து வீச்சாளரின் மூலதனம். சந்தேகம் தீர்ந்துவிட்டால் பாதி ஆபத்து போச்சு.

ஆனால் 120 ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் இருந்தார். அவர் போடும் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பது எதிரணிக்கு நன்றாகவே தெரியும். ஏனென்றால், அவரிடம் இருந்ததே ஒரு வகைப் பந்துதான். அதுவும் எப்போதும் ஒரே பக்கம்தான் திரும்பும். அப்படியிருந்தும் 1907-ம் ஆண்டு இங்கிலாந்துப் பயணத்தில் 137 விக்கெட்டுகளை அள்ளினார். சராசரி 11.79. அந்த சீசனில் இங்கிலாந்தின் பந்துவீச்சு சராசரிப் பட்டியலில் அவருக்குத்தான் முதலிடம்.

அவர் பெயர் ரெஜினால்ட் ஆஸ்கர் ஷ்வார்ஸ். சுருக்கமாக ரெஜி ஷ்வார்ஸ். ரக்பியில் இங்கிலாந்துக்காகவும், கிரிக்கெட்டில் தென்னாப்பிரிக்காவுக்காகவும் ஆடியவர். இன்று கிரிக்கெட் ரசிகர்களிலேயே பலருக்கு இந்தப் பெயர் பரிச்சயம் இருக்காது. ஆனால் தோற்பதையே வழக்கமாக வைத்திருந்த ஓர் அணி திடீரென்று ஜெயிக்க ஆரம்பித்ததற்குப் பின்னால் இவர் இருக்கிறார். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் ரக்பி

ஷ்வார்ஸ் பிறந்தது 1875 மே 4-ம் தேதி, லண்டனின் லீ பகுதியில். செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்துவிட்டு, கேம்பிரிட்ஜில் உள்ள கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ரக்பிதான். 1893-ல் பல்கலைக்கழக ரக்பி அணியில் ஆடினார். கிரிக்கெட்டில் அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.

ரக்பியில் அவர் ஆடிய இடம் ஹாஃப் பேக். முன்வரிசையில் இரண்டு பக்கத்து ஆட்களும் முட்டி மோதிப் பந்தை வெளியே கொண்டுவருவார்கள். அதைச் சட்டென்று எடுத்து, ஓடத் தயாராக நிற்கும் பின்வரிசைக்குக் கொடுப்பது ஹாஃப் பேக்கின் வேலை. கை வேகம் வேண்டும். கண நேரத்தில் முடிவெடுக்கத் தெரிய வேண்டும்.

ரிச்மண்ட் கிளப்புக்காக ஆடிய ஷ்வார்ஸ், 1899-ல் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்து அணிக்குள் வந்தார். 1901-ல் வேல்ஸ், அயர்லாந்து அணிகளுக்கு எதிராக இன்னும் இரண்டு ஆட்டங்கள். மொத்தம் மூன்று. மூன்றிலும் இங்கிலாந்துக்குத் தோல்வி.

இதில் அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1895-ல் இங்கிலாந்து ரக்பி இரண்டாக உடைந்திருந்தது. வடக்கில் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்த தொழிலாளர்கள், ஆட்டத்துக்காக வேலைக்கு லீவு போட்டால் அந்த நாள் கூலியை ஈடுகட்ட வேண்டும் என்று கேட்டார்கள். சங்கம் மறுத்தது. வடக்குக் கிளப்புகள் பிரிந்து போய்த் தனி அமைப்பு தொடங்கின. அதுதான் பின்னாளில் ரக்பி லீக் ஆனது. நல்ல ஆட்டக்காரர்கள் பலர் அந்தப் பக்கம் போய்விட, இங்கிலாந்து அணி சில காலத்துக்கு எழுந்திருக்கவே இல்லை.

மேஜை மேல் பிறந்த பந்து

ரக்பி ஓய்ந்த கோடையில் ஷ்வார்ஸ் கிரிக்கெட் ஆடினார். 1901-ல் மிடில்செக்ஸ் கவுன்டி அணியில் இடம் கிடைத்தது. பேட்ஸ்மேனாகத்தான் போனார், பெரிதாக எதுவும் சாதிக்கவில்லை. ஆனால் அந்த அணியில் இருந்த ஒருவரின் பழக்கம் அவருடைய வாழ்க்கையையே திருப்பிப் போட்டது. அவர்தான் பெர்னார்ட் போசன்கெட்.

ஆக்ஸ்ஃபோர்டில் படித்த காலத்தில் போசன்கெட் பொழுதுபோக்காக ஒரு விளையாட்டு ஆடுவார். மேஜையின் ஒரு முனையில் ஒருவர், எதிர்முனையில் இன்னொருவர். டென்னிஸ் பந்தை மேஜையில் ஒரு குத்து குத்தி, எதிரில் இருப்பவர் பிடிக்க முடியாதபடி திருப்ப வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. இதை ஆடிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு ஒரு யோசனை. ஒரே மாதிரி கையை வைத்துக்கொண்டு பந்தை இரண்டு பக்கமும் திருப்ப முடியும் என்றால், கிரிக்கெட்டில் ஏன் முடியாது?

வருடக்கணக்கில் வலையில் பழகி, 1900-ல் லார்ட்ஸ் மைதானத்தில் லெஸ்டர்ஷயர் அணிக்கு எதிராக அதை ஆட்டத்தில் இறக்கினார். 98 ரன்களில் இருந்த சாமுவேல் கோ அந்தப் பந்தில் ஸ்டம்பிங் ஆனார். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பந்து நான்கு முறை குதித்துத்தான் போய்ச் சேர்ந்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். 1903-04-ல் ஆஸ்திரேலியா போன இங்கிலாந்து அணியில் அதே போசன்கெட் சிட்னியில் 51 ரன்களுக்கு 6 விக்கெட் எடுத்தபோது சிரிப்பு அடங்கியது. ஆஸ்திரேலியர்கள் அவர் பெயரைச் சுருக்கி அந்தப் பந்துக்கே 'போசி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நமக்குத் தெரிந்த பெயர் கூக்ளி.

அப்படி என்ன இருக்கு அந்தப் பந்தில்?

வலது கை லெக் ஸ்பின்னரை எடுத்துக்கொள்வோம். எதிரே வலது கை பேட்ஸ்மேன். லெக் ஸ்பின்னர் மணிக்கட்டைச் சுழற்றிப் போடும் வழக்கமான பந்து, தரையில் விழுந்ததும் லெக் பக்கமிருந்து ஆஃப் பக்கம் போகும். அதாவது பேட்ஸ்மேனை விட்டு விலகும். இதுதான் லெக் பிரேக்.

இப்போது அதே ஓட்டம், அதே கைவீச்சு. பந்தை விடும் நேரத்தில் மட்டும் மணிக்கட்டு இன்னும் கொஞ்சம் மடங்கித் திரும்புகிறது. புறங்கை பேட்ஸ்மேனைப் பார்க்கிறது. விரல்கள் செய்வது அதே வேலைதான். ஆனால் கை திரும்பிவிட்டதால் சுழற்சி தலைகீழாகிவிடுகிறது. வெளியே போக வேண்டிய பந்து உள்ளே வருகிறது. இதுதான் கூக்ளி. கையைக் கவனிக்கத் தெரியாத பேட்ஸ்மேன் வெளியே போகும் என்று மட்டையை நீட்டுவார். பந்து மட்டைக்கும் காலுக்கும் நடுவில் புகுந்து ஸ்டம்பைத் தட்டும்.

பத்து லெக் பிரேக்குக்கு நடுவே ஒரு கூக்ளி வந்தால்தான் ஏமாற்று வேலை எடுபடும் என்பது பொதுவான கணக்கு. போசன்கெட்டும் அப்படித்தான், இரண்டையும் கலந்து போட்டார்.

ஷ்வார்ஸ் விஷயமே வேறு. கூக்ளியைப் பழகிய அவருக்கு லெக் பிரேக் கைவரவே இல்லை. எல்லாப் பந்தும் கூக்ளி. பார்ப்பதற்கு லெக் பிரேக் மாதிரி கை வரும், பந்து மட்டும் ஒவ்வொரு முறையும் உள்ளேதான் திரும்பும்.

கப்பலேறிய வித்தை

மிடில்செக்ஸில் சேர்ந்து கொஞ்ச நாளிலேயே ஷ்வார்ஸ் தென்னாப்பிரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். போயர் போர் 1902-ல் முடிந்திருந்த நேரம். தங்கச் சுரங்கங்கள் நிறைந்த டிரான்ஸ்வால் பிரிட்டிஷ் கையில் வந்திருந்தது. வேலை தேடி, பணம் தேடி இங்கிலாந்து இளைஞர்கள் பலர் அங்கே போனார்கள். ஷ்வார்ஸுக்குச் சுரங்க அதிபர் ஏப் பெய்லியிடம் செயலாளர் வேலை அமைந்தது.

இந்த ஏப் பெய்லியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கிரிக்கெட் பைத்தியம் பிடித்த கோடீஸ்வரர். தென்னாப்பிரிக்க அணி 1904-ல் இங்கிலாந்து போனது இவருடைய பணத்தில்தான். 1909-ல் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா மூன்றும் சேர்ந்து இம்பீரியல் கிரிக்கெட் கான்ஃபரன்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கியதற்கும் முக்கியக் காரணம் இவர்தான். இன்று கிரிக்கெட்டை ஆளும் ஐசிசியின் ஆரம்பம் அது. தொழிலாளர்களின் வியர்வையில் வந்த சுரங்கப் பணம் கிரிக்கெட்டின் அடித்தளத்தில் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

1904 பயணத்தில் ஷ்வார்ஸும் இருந்தார். அணித் தலைவர் ஃபிராங்க் மிட்செல். அவரும் ரக்பியில் இங்கிலாந்துக்காக ஆடியவர். கிரிக்கெட்டில் இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா இரண்டு அணிகளுக்கும் ஆடியவர். ஒரு விளையாட்டில் ஒரு நாடு, இன்னொன்றில் இன்னொரு நாடு என்பது அந்தக் காலத்து ஆங்கிலேயர்களுக்குப் பெரிய விஷயமில்லை. எல்லாம் ஒரே சாம்ராஜ்யம் என்ற நினைப்பு.

பேட்ஸ்மேனாகப் போன ஷ்வார்ஸ், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அணிக்கு எதிராகத் தன் கூக்ளியை எடுத்துவிட்டார். 27 ரன்களுக்கு 5 விக்கெட். அதன்பிறகு அவரைப் பந்துவீச்சிலிருந்து விலக்கி வைக்க முடியவில்லை. பயணம் முடியும்போது அணியின் பந்துவீச்சு சராசரியில் அவருக்கே முதலிடம். போதாக்குறைக்கு லார்ட்ஸில் வலுவான இங்கிலாந்து லெவன் அணிக்கு எதிராக 102 ரன்கள் வேறு அடித்தார். முதல்தர கிரிக்கெட்டில் அவர் அடித்த ஒரே சதம் அதுதான்.

ஒருவர் நால்வர் ஆன கதை

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. கையில் யாருக்கும் தெரியாத ஆயுதம் ஒன்று கிடைத்தால் சாதாரணமாக என்ன செய்வோம்? பத்திரப்படுத்துவோம். பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லிக்கொடுத்தால் நாளைக்கு நம்ம இடத்தை அவன் பிடித்துக்கொள்வான் என்று பயப்படுவோம். ஷ்வார்ஸ் அப்படி நினைக்கவில்லை.

தன் அணியில் இருந்த மூன்று பேருக்கு வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். ஆப்ரி ஃபாக்னர், பெர்ட் வோக்லர், கார்டன் வைட். மூவரும் கற்றுக்கொண்டது மட்டுமில்லை, குருவால் முடியாததையும் செய்தார்கள். லெக் பிரேக், கூக்ளி இரண்டையும் கலந்து வீசினார்கள். குறிப்பாக வோக்லர். பெரும்பாலும் லெக் பிரேக்காகவே போட்டுக்கொண்டிருப்பார். பேட்ஸ்மேன் அசந்த நேரத்தில் ஒரு கூக்ளி வந்து விழும். எந்தப் பந்து எது என்று கையைப் பார்த்துச் சொல்வது ரொம்பக் கஷ்டம்.

ஓர் அணியில் ஒரே நேரத்தில் நான்கு கூக்ளி வீச்சாளர்கள். அதற்கு முன்பு உலகம் பார்த்திராத காட்சி.

தென்னாப்பிரிக்காவில் அப்போது டெஸ்ட் ஆட்டங்கள் மேட் விரித்த ஆடுகளத்தில்தான் நடந்தன. நம் ஊர்ப் பள்ளி மைதானங்களில் மேட் பிட்ச்சில் ஆடியவர்களுக்குத் தெரியும், அதில் பந்து எப்படிக் கடித்துத் திரும்பும், எப்படி எகிறும் என்று. மணிக்கட்டுச் சுழலுக்கு அது சொர்க்கம்.

1906, ஜோகன்னஸ்பர்க்: முதல் வெற்றி

தென்னாப்பிரிக்கா தன் முதல் டெஸ்டை ஆடியது 1889-ல். அதிலிருந்து 1905 வரை 11 டெஸ்ட்கள். 10 தோல்வி, ஒரு டிரா. இதுதான் அவர்களுடைய வரலாறு. இந்த நிலையில், பெல்ஹாம் வார்னர் தலைமையில் இங்கிலாந்து அணி வந்திறங்கியது. 1906 ஜனவரி 2-ம் தேதி ஜோகன்னஸ்பர்க் வாண்டரர்ஸ் மைதானத்தில் முதல் டெஸ்ட். ஷ்வார்ஸ், ஃபாக்னர், வோக்லர் ஆகியோருக்கும் வைட்டுக்கும் சேர்ந்து பந்துவீச வாய்ப்பு. ஷ்வார்ஸுக்கு அதுதான் முதல் டெஸ்ட்.

இங்கிலாந்து 184 ரன்களுக்குச் சுருண்டது. பதிலுக்குத் தென்னாப்பிரிக்கா வெறும் 91. இரண்டாவது இன்னிங்ஸில் இங்கிலாந்து 190. வெற்றிக்குத் தேவை 284 ரன்கள். அந்த ஆட்டத்தில் அதுவரை எந்த அணியும் 200-ஐத் தொடவில்லை.

105 ரன்களுக்கு 6 விக்கெட் போய்விட்டது. 'அவ்வளவுதான், வழக்கம்போலத்தான்' என்று பார்வையாளர்கள் நினைத்திருப்பார்கள். அப்போது கார்டன் வைட்டும் டேவ் நோர்ஸும் சேர்ந்து 121 ரன்கள் எடுத்தார்கள். 81 ரன்களில் வைட் அவுட். அடுத்த இரண்டு விக்கெட்டும் மளமளவென்று சரிய, 239-க்கு 9. கடைசி ஆளாக இறங்கியவர் அணித் தலைவர் பெர்சி ஷெர்வெல். இன்னும் 45 ரன்கள் வேண்டும். ஒரே ஒரு விக்கெட் மிச்சம்.

நோர்ஸும் ஷெர்வெலும் பதறவில்லை. ஒவ்வொரு ரன்னாகச் சேர்த்தார்கள். இரண்டு அணிகளின் மொத்த ரன்னும் சமமாக இருந்தபோது, ரெல்ஃப் லெக் பக்கம் போட்ட ஃபுல்டாஸை ஷெர்வெல் பவுண்டரிக்கு அனுப்பினார். ஒரு விக்கெட் வித்தியாசத்தில் தென்னாப்பிரிக்காவின் முதல் டெஸ்ட் வெற்றி. நோர்ஸ் 93 ரன்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றார்.

அது ஒரு நாள் அதிர்ஷ்டமில்லை என்பதை அடுத்த வாரங்கள் காட்டின. ஐந்து டெஸ்ட் தொடரைத் தென்னாப்பிரிக்கா 4-1 என்று வென்றது. ஐந்து ஆட்டத்திலும் அதே 11 பேர், ஒரு மாற்றம்கூட இல்லை.

தெரிந்த பந்து, தெரியாத பதில்

1907-ல் இந்த அணி இங்கிலாந்து போனது. இங்கிலாந்து மண்ணில் தென்னாப்பிரிக்கா முதன்முதலாக டெஸ்ட் ஆடியது அப்போதுதான். தொடரை இங்கிலாந்து 1-0 என்று வென்றாலும், பயணம் முழுக்கப் பேச்செல்லாம் நான்கு கூக்ளிக்காரர்களைப் பற்றித்தான். லீட்ஸ் டெஸ்டில் ஃபாக்னர் 17 ரன்களுக்கு 6 விக்கெட் எடுக்க, இங்கிலாந்து 76 ரன்களில் முடிந்தது. அந்த ஆட்டத்தில் இங்கிலாந்தைக் காப்பாற்றியவர் காலின் பிளைத். 99 ரன்களுக்கு 15 விக்கெட் எடுத்தார். அப்படியும் வெற்றி வித்தியாசம் 53 ரன்கள்தான்.

இந்தப் பயணத்தில்தான் ஷ்வார்ஸின் 137 விக்கெட். திரும்பும் திசை தெரிந்தும் பேட்ஸ்மேன்கள் ஏன் திணறினார்கள்?

முதல் காரணம், கண்ணுக்கும் மூளைக்கும் இடையிலான சண்டை. லெக் பிரேக் போடும் கையைப் பார்த்துப் பார்த்துப் பழகிய பேட்ஸ்மேனின் கால், தானாக அதற்கேற்ப நகரும். இது உள்ளேதான் வரும் என்று மனசுக்குத் தெரியும். ஆனால் கால் கேட்க வேண்டுமே. பல வருடப் பழக்கத்தை ஓர் ஓவரில் மாற்ற முடியாது.

இரண்டாவது, அவர் மெதுவாக மிதக்கவிடும் ஆளில்லை. கொஞ்சம் வேகமாகவே போடுவார். பந்து தரையில் பட்டதும் சரேலென்று எழும், நிறையத் திரும்பும். திசை தெரிந்தாலும் எவ்வளவு திரும்பும் என்று கணிக்க நேரம் இருக்காது.

மூன்றாவது, கூட்டணி. ஒரு முனையில் எல்லாமே உள்ளே வரும் ஷ்வார்ஸ். மறுமுனையில் பெரும்பாலும் வெளியே போகும் வோக்லர். ஓவருக்கு ஓவர் கணக்கு மாறும். ஒருவரைப் பழகுவதற்குள் இன்னொருவர் வந்துவிடுவார்.

நான்காவது, வானம். அந்த வருடக் கோடையில் இங்கிலாந்தில் மழை அதிகம். ஈரம் காய்ந்தும் காயாமலும் இருந்த ஆடுகளம் சுழலுக்குத் துணை நின்றது. அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அவருக்கு எதிராக இருந்த ஒரு விஷயத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அது எல்பிடபிள்யூ விதி. அப்போது பந்து ஸ்டம்புக்கு நேராக விழுந்தால்தான் எல்பிடபிள்யூ. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து, உள்ளே திரும்பி, காலில் பட்டு, நேராக ஸ்டம்புக்குப் போகும் பந்தாக இருந்தாலும் நாட் அவுட். இந்த விதி மாறத் தொடங்கியதே 1935-ல் தான். ஷ்வார்ஸின் பந்து எல்லாமே உள்ளே வருவது. இன்றைய விதி இருந்திருந்தால் அந்த 137 எங்கே போய் நின்றிருக்குமோ!

1908-ல் விஸ்டன் ஆண்டு மலர் சிறந்த ஐந்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தது. பட்டியலில் ஷ்வார்ஸ் இருந்தார், அவரிடம் கற்ற வோக்லரும் இருந்தார். அந்தத் தொடரில் இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கிய ஆர்.இ. ஃபாஸ்டர், அதே மலரில் தென்னாப்பிரிக்கப் பந்துவீச்சைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். எதிரணித் தலைவரை உட்கார்ந்து எழுத வைத்த பந்துவீச்சு அது.

குருவும் சீடர்களும்

1909-10-ல் இங்கிலாந்து மறுபடி தென்னாப்பிரிக்கா வந்தபோது சீடர்கள் குருவைத் தாண்டிப் போயிருந்தார்கள். வோக்லர் 36, ஃபாக்னர் 29. இருவர் மட்டும் சேர்ந்து 65 விக்கெட். தொடர் 3-2 என்று தென்னாப்பிரிக்கா வசம்.

ஆனால் 1910-11-ல் ஆஸ்திரேலியா போனபோது காட்சி மாறியது. அங்கே மேட் கிடையாது, ஈர மண்ணும் கிடையாது. வெயிலில் காய்ந்து இறுகிய ஆடுகளம். எதிரே விக்டர் டிரம்பர். ஐந்து டெஸ்டில் 661 ரன்கள் குவித்தார். வோக்லரின் மாயம் பலிக்கவில்லை. ஃபாக்னர் மட்டையால் 732 ரன்கள் எடுத்தாலும், பந்துவீச்சு பெரிதாக எடுபடவில்லை. தொடர் 4-1 என்று ஆஸ்திரேலியாவுக்குப் போனது. அடிலெய்டில் 38 ரன்களில் கிடைத்த ஒரு வெற்றிதான் ஆறுதல். ஆஸ்திரேலியாவுக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவின் முதல் வெற்றியும் அதுதான்.

அந்தக் கடினமான தொடரில் தென்னாப்பிரிக்கப் பந்துவீச்சைத் தாங்கியது யார்? ஒரே பந்தை மட்டும் தெரிந்து வைத்திருந்த ஷ்வார்ஸ். டெஸ்டில் 25 விக்கெட். சிட்னியில் 47 ரன்களுக்கு 6 என்பது அவருடைய வாழ்நாள் சிறந்த பந்துவீச்சு. 35 வயதில் வந்தது. பலவித வித்தை கைவசம் வைத்திருந்தவர்கள் தடுமாறிய இடத்தில், ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்து பழகிய கை தடம் மாறாமல் நின்றது.

1912-ல் இங்கிலாந்தில் மூன்று நாடுகள் மோதிய முக்கோணத் தொடரோடு அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது. மொத்தம் 20 டெஸ்ட், 55 விக்கெட். முதல்தர ஆட்டங்களில் 398 விக்கெட்.

அந்த மைதானத்துக்குள் வர முடியாதவர்கள்

இந்த வெற்றிக் கதையைச் சொல்லும்போது ஒன்றை விட்டுவிட்டுப் போக முடியாது. 1906-ல் ஜெயித்த அந்த அணி வெள்ளையர்களின் ஆட்சி தேர்ந்தெடுத்த அணி. குரோம் ஹெண்ட்ரிக்ஸ் என்று கேப் டவுனில் ஒரு வேகப்பந்து வீச்சாளர் இருந்தார். வெள்ளையர் அல்லாதவர். 1892-ல் வந்த இங்கிலாந்து வீரர்களே அவருடைய வேகத்தைப் பார்த்து மலைத்தார்கள். ஆனால் 1894-ல் இங்கிலாந்து போன அணியில் அவருக்கு இடம் தர மறுத்தார்கள். நிறம்தான் காரணம். தென்னாப்பிரிக்காவுக்காகக் கறுப்பினத்தவர் ஒருவர், மக்காயா என்டினி, டெஸ்ட் ஆட 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கிறது. வாண்டரர்ஸ் மைதானத்தில் ஷெர்வெல் வெற்றி பவுண்டரி அடித்த அதே 1906-ல், செப்டம்பர் 11-ம் தேதி, அதே ஜோகன்னஸ்பர்க்கில் காந்தியும் இந்தியர்களும் கூடினார்கள். ஆசியர்கள் கைரேகை பதிந்து பதிவுச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற சட்டத்துக்குப் பணிய மாட்டோம் என்று உறுதி எடுத்தார்கள். பின்னாளில் சத்தியாகிரகம் என்று பெயர் பெற்ற போராட்டம் தொடங்கிய நாள் அது. அந்தப் போராட்டத்தில் சிறை சென்று, 16 வயதில் உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மை பிறந்ததும் அதே நகரத்தில்தான். லண்டனிலிருந்து போன ஷ்வார்ஸுக்கு அந்த ஊர் சில வருடங்களில் நாட்டு அணியின் தொப்பியைத் தந்தது. அங்கேயே பிறந்த தமிழ்ப் பெண்ணுக்கு அது குடியுரிமையைக்கூட மதிக்கவில்லை. திறமையைப் பகிர்ந்துகொண்ட ஓர் அணி, வாய்ப்பைப் பகிர்ந்துகொள்ளாத ஒரு சமூகத்தின் நடுவில்தான் இருந்தது.

போரும் காய்ச்சலும்

1914-ல் முதல் உலகப் போர் வந்தது. ஷ்வார்ஸுக்கு அப்போது 39 வயது. வீட்டில் இருந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் போனார். முதலில் ஜெர்மன் தென்மேற்கு ஆப்பிரிக்கா, அதாவது இன்றைய நமீபியா. பிறகு இங்கிலாந்து வந்து கிங்ஸ் ராயல் ரைஃபிள் படைப்பிரிவில் சேர்ந்து பிரான்ஸ் போர்முனைக்குப் போனார். மேஜர் பதவி வரை உயர்ந்தார். வீரத்துக்கான மிலிட்டரி கிராஸ் விருதும் கிடைத்தது.

அவரோடும் அவருக்கு எதிராகவும் ஆடியவர்கள் ஒவ்வொருவராக விழுந்துகொண்டிருந்தார்கள். லீட்ஸில் 15 விக்கெட் எடுத்த பிளைத், 1917 நவம்பரில் பெல்ஜியத்தில் பாஷண்டேல் அருகே குண்டு வெடித்து இறந்தார். ஜோகன்னஸ்பர்க்கில் 81 ரன்கள் அடித்த கார்டன் வைட், பாலஸ்தீனப் போர்முனையில் பட்ட காயத்தால் 1918 அக்டோபர் 17-ம் தேதி இறந்தார்.

1918 நவம்பர் 11. போர் ஓய்ந்தது. ஷ்வார்ஸ் உயிரோடு இருந்தார். நான்கு வருடக் குண்டு மழையைத் தாண்டி வந்துவிட்டார். ஆனால் அந்த நேரத்தில் ஸ்பானிஷ் ஃப்ளூ என்ற கொள்ளைக் காய்ச்சல் உலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அதற்குப் பலியானார்கள். ராணுவ முகாம்களில் நெருக்கியடித்து இருந்த வீரர்களுக்கு அது இன்னும் வேகமாகப் பரவியது.

பிரான்ஸின் வடக்குக் கடற்கரையில் எட்டாப்ள் என்ற ஊரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் பிரம்மாண்ட முகாமும் மருத்துவமனைகளும் இருந்தன. அங்கேதான் ஷ்வார்ஸ் 1918 நவம்பர் 18-ம் தேதி காய்ச்சலில் இறந்தார். போர் முடிந்து ஏழே நாள். வயது 43. அவர் கற்றுக்கொடுத்த வைட் இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இருவருக்கும் இடையே ஒரு கடலும் சில ஆயிரம் கிலோமீட்டர்களும்.

எட்டாப்ள் ராணுவக் கல்லறையில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். முதல் உலகப் போரில் இறந்த 10,700-க்கும் மேற்பட்டோர் அங்கே இருக்கிறார்கள். அந்தக் கல்லறைத் தோட்டத்தை வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ், நம் புதுடெல்லியை வடிவமைத்த அதே லட்யன்ஸ்.

மிச்சம் என்ன?

எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் ஷ்வார்ஸ் பெரிய ஆட்டக்காரர் இல்லை என்று சொல்லிவிடலாம். ரக்பியில் மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி. டெஸ்டில் 55 விக்கெட். இன்று ஒரு நல்ல சுழற்பந்து வீச்சாளர் இரண்டு வருடத்தில் அதை எடுத்துவிடுவார்.

ஆனால் அவர் செய்த வேலை ஸ்கோர் கார்டில் அவர் பெயருக்கு நேரே வராது. ஃபாக்னர் பெயருக்கு நேரே வரும், வோக்லர் பெயருக்கு நேரே வரும், வைட் பெயருக்கு நேரே வரும். 10 முறை தோற்ற அணி 4-1 என்று ஜெயித்த தொடரின் முடிவில் வரும்.

அதோடு நிற்கவும் இல்லை. போரிலிருந்து திரும்பிய ஃபாக்னர், 1920-களில் லண்டனில் ஒரு கிரிக்கெட் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். கூரைக்குக் கீழே வலை கட்டி, வருடம் முழுக்கப் பயிற்சி. அங்கே உருவானவர்களில் ஒருவர் இயன் பீபிள்ஸ். லெக் பிரேக்கும் கூக்ளியும் வீசி இங்கிலாந்து அணிக்குள் வந்தார். போசன்கெட் மேஜையில் கண்டுபிடித்து, ஷ்வார்ஸ் கப்பலில் கொண்டுபோய், ஃபாக்னருக்குக் கைமாற்றியது, கால் நூற்றாண்டு கழித்து மறுபடி லண்டனுக்கே வந்து சேர்ந்தது.

இப்போது டிவியில் மணிக்கட்டுச் சுழல் வீச்சாளர் ஒருவரின் கையை ஸ்லோமோஷனில் காட்டி, 'பாருங்க, இது கூக்ளி' என்று வர்ணனையாளர் சொல்கிறார். அடுத்த நாளே பக்கத்துத் தெருப் பையன் ரப்பர் பந்தில் அதைப் போட்டுப் பார்க்கிறான். 1904-ல் அப்படி யாரும் காட்டவில்லை. ஒருவர் பக்கத்தில் நின்று, கையைப் பிடித்து, விரலை இப்படி வை, மணிக்கட்டை இப்படித் திருப்பு என்று சொன்னால்தான் உண்டு. ஷ்வார்ஸ் அதைச் சொன்னார்.